மேனேஜர் வகுப்புக்குப் போன நாட்கள்

ஜூன் 9, திங்கள்

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது நல்லசிவம் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், இதைப் படிச்சா எங்கப்பா பட்டறையில கல்லு நல்லாச் சுத்துமுங்களா?" வகுப்பே சிரித்தது. பரீட்சைக்கு வரும், உட்கார் என்றேன். உட்கார்ந்தான். பதில் கிடைத்த முகமாக இல்லை.

இன்று காரில் வந்து இறங்கினான். சின்னவேடம்பட்டிப் பக்கம் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறான், நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரிதான் கேட்டான்.

"புரொடக்சன் மேனேஜர் அமிர்தலிங்கத்தை மேனேஜ்மென்ட் படிப்புக்கு அனுப்பறனுங்க டீச்சர். ஆறு மாசம். மாசத்துக்கு மூணு நாள், வியாழன், வெள்ளி, சனி. இதைப் படிச்சா கம்பெனி நல்லா ஓடுமுங்களா?"

"காலேஜ்ல கேளேன்."

"அவங்க ஓடும்னுதான் சொல்லுவாங்க. அமிர்தலிங்கத்தைக் கேட்டா அவரும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாரு. வெளியாள் ஒருத்தர் உக்காந்து பாத்துச் சொல்லோணும். நீங்க மார்க் போட்டே பழகுனவங்க."

அவன் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. தை மாதம் கிணத்துக்கடவில் இரண்டாவது யூனிட் திறக்கிறான். அமிர்தலிங்கம் தேறினால் அந்த யூனிட் அவர் பொறுப்பு. தேறாவிட்டால், இரண்டு வருடம் எம்.பி.ஏ. படித்த சென்னைப் பையன் ஒருவன் தயாராக இருக்கிறான். அமிர்தலிங்கம் சர்வீஸ் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். சர்வீஸ் என்றால் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்று வீடுகளிலிருந்து வரும் திட்டைப் போனில் வாங்கிக்கொள்கிற வேலை.

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் நித்யகலா சமையலறையிலிருந்தே, "போயிட்டு வாங்க அத்தை, தினமும் போயிட்டு வாங்க" என்றாள். என் திறமையில் அவளுக்கு இவ்வளவு நம்பிக்கை இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 11, புதன்

முதல் நாள். நித்யாவுக்கு என்ன சமைக்க வேண்டும், மோட்டாரை எப்போது நிறுத்த வேண்டும், கறிவேப்பிலைச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

அமிர்தலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஃபிட்டராகச் சேர்ந்து இருபத்தோரு வருடத்தில் மேனேஜர் ஆனவர். கண்ணாடி அறை. அறை வாசலில் எப்போதும் வரிசை. அங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம், "சாரைக் கேட்டுட்டுச் செய்யலாம்." பெல்ட் எந்த அளவு, ஸ்டிக்கர் இடப்பக்கமா வலப்பக்கமா, லாரிக்காரனை உள்ளே விடலாமா, எல்லாம் அவரிடம் வந்துதான் போகிறது. அவரும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டவர்களுக்குப் பதிலோடு திட்டும் கிடைத்தது.

கேட்ட கேள்விக்கெல்லாம் விடை தெரிந்த பிள்ளையைப் போல இருக்கிறார். நான் முதல் ரேங்க் போட்டிருப்பேன்.

இங்கே ஒரு நல்ல பழக்கம். செய்து முடித்த ஒவ்வொரு கிரைண்டரிலும் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் கொஞ்சம் போட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைக்கிறார்கள். அந்த மாவு புளிக்கக் காத்திருக்காமல் அன்றைக்கே கேண்டீனில் தோசையாகிறது. இன்று முடிந்த கிரைண்டர் குறைவு, மாவும் கொஞ்சம்தான். எனக்கு ஒரு தோசை.

ஜூன் 16, திங்கள்

வரிசை ஓய்ந்த நேரத்தில் அமிர்தலிங்கம் என் நாற்காலி பக்கம் வந்தார்.

"எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுங்க டீச்சர். அங்க பூரா இங்கிலீசாம்."

"கேட்டுக் கேட்டுப் பழகிக்கலாம். பயப்படாதீங்க."

"படிப்புக்குப் பயமில்லீங்க. இந்த ஷெட்டுல என்னைச் சார்னு கூப்பிடறவங்க எல்லாம், நான் சர்வீஸ்ல உக்காந்து 'மன்னிச்சுக்குங்க மேடம்'னு சொல்றதைக் கேக்கோணும். அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது. அந்த யூனிட் எனக்கு வேணுமுங்க டீச்சர்."

பாரபட்சம் காட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் கொஞ்சம் காட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முதல் வகுப்பு நாள். அவர் இல்லாதபோது எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று பார்த்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். அதனால் போனேன்.

அந்தக் கல்லூரியில் ஒரு விதி. வகுப்பு வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறார்கள், எல்லோரும் போனை அணைத்து அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். காலையில் அசெம்பிளி சூப்பர்வைசர் ராசாமணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் பொருத்துகிற ஆறுச்சாமி பீடிக்கட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"போன் போவ மாட்டேங்குதுங்க அண்ணா. இந்த டிரம்மு கல்லுல உரசுது. போன லோடுல வந்த பழைய கல்லைப் போடறதா, புதுசைப் போடறதா?" என்று ராசாமணி அவரைக் கேட்டாள்.

"சாரைக் கேக்கோணும்."

"அவருதான் பள்ளிக்கூடம் போயிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். புதுசுதான் போடோணும். கேக்காமப் போட்டு அவரு திட்டுனா?"

"போடுங்க. திட்டறதுக்கு திங்கக்கிழமை வரைக்கும் ஆளில்லை."

போட்டார். உரசல் நின்றது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. கண்ணாடி அறை வாசலில் ஒரு பூனை படுத்திருந்தது.

மதியம் கேண்டீனில் எல்லோருக்கும் தோசை. மாவு மிஞ்சி, எனக்கும் ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். வாத்தியார் வராத வகுப்பில் முதல் நாள் ஒரு உற்சாகம் இருக்கும். அதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

அமிர்தலிங்கம் திரும்பி வந்தார். சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பலகை. காலையில் எல்லோரும் நின்றபடியே கூட்டம். ஒவ்வொருவரும் தன் பலம், பலவீனம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

ஆறுச்சாமியிடம் பலவீனம் கேட்டார்.

"மத்தியானம் சோறு தின்னா கண்ணைச் சொக்குதுங்க சார்."

"அதில்லை ஆறுச்சாமி. வேலையில."

"வேலையிலதாங்க சொக்குது."

பலகையில் அதையும் எழுதினார்கள். கூட்டம் முடிந்ததும் கண்ணாடி அறை வாசலில் வரிசை நின்றது. ராசாமணி இரண்டாவது ஆள். கேண்டீனில் உப்புமா.

ஜூலை 4, வெள்ளி

வீட்டில் சாம்பார் கொஞ்ச நாளாக நன்றாக இருக்கிறது. நித்யா உப்பு எவ்வளவு என்று என்னைக் கேட்பதையும் மறந்துவிட்டாள். துவரம்பருப்புக் கடையை மாற்றியதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டாவது மாத வகுப்பு. கேண்டீனில் ஆளுக்கு மூன்று தோசை, கெட்டிச் சட்னி. தூக்கு நிறைய மாவோடு வீட்டுக்கு வந்தேன். நித்யா தூக்கை வாங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கும் உங்க மேனேஜர் வரலையா அத்தை?" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நல்லசிவம் துள்ளிக் குதிக்காத குறை. ஜூலையில் வெளியே போன அளவுக்குக் கிரைண்டர் இதுவரை எந்த மாதமும் போனதில்லையாம். "படிப்பு வேலை செய்யுதுங்க டீச்சர். எனக்கு அப்பவே தெரியும்."

வளர்கிற வயதில் பிள்ளைக்கு டானிக் ஊற்றினால், வளர்ந்த பெருமை பாட்டிலுக்குப் போய்விடும். அதனால் அவசரப்படாதே என்றேன். எந்த டானிக் என்று கேட்டான். பழைய நல்லசிவம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்றாவது வகுப்பு. மறுபடியும் தோசை.

அமிர்தலிங்கம் போவதற்கு முன் எல்லாவற்றையும் திட்டமிட்டுச் சொல்லிவிட்டுப் போகிறார், அதுதான் வகுப்பில் கற்றது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள ராசாமணியைக் கேட்டேன்.

"சார் போறதுக்கு முன்னாடி என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"போன் எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாருங்க டீச்சர்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க. அது போதுமுங்களே."

செப்டம்பர் 7, ஞாயிறு

மாலையில் அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்களாம், தலைப்பு அதிகாரப் பகிர்வு. ஆங்கிலத்தில் எழுதி வந்திருந்தார், நான் திருத்தித் தர வேண்டும்.

முதல் பத்தி: நல்ல மேலாளர் முடிவெடுக்கும் பொறுப்பைத் தன் கீழ் இருப்பவர்களிடம் நம்பி ஒப்படைக்கிறார். படித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. ஓவர்டைம் ஆட்களுக்கு டீயா பாலா என்று கேட்டார்கள். டீ என்றார்.

இரண்டாவது பத்தி: சிறு விஷயங்களுக்கெல்லாம் மேலாளரை அணுகும் பழக்கத்தை அவர் வளர்க்கக் கூடாது. போன். கேட்டைப் பூட்டலாமா. பூட்டு என்றார்.

"எங்க விட்டோமுங்க?"

"பழக்கத்தை வளர்க்கக் கூடாதுன்னு."

"ஆமாங்க. அது ரொம்ப முக்கியமான பாயின்ட்டு" என்றார். போன் அடித்தது. பூட்டிய சாவியை எங்கே வைப்பது.

எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். கருத்துப் பிழை கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.

அவர் போன பிறகு நித்யா கதவைச் சாத்திக்கொண்டே, "பாவம் அந்த ஆபீஸ்காரங்க" என்றாள். நாளைக்கு என்ன குழம்பு என்று நான் நினைவுபடுத்தினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கிரைண்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பொரி, கடலை, கேட்டுக்கு வாழைக்கன்று. அமிர்தலிங்கத்தின் மனைவி பூங்கோதையும் வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படிப்பு ரொம்ப நல்ல படிப்புங்க டீச்சர். வகுப்புக்குப் போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்கு வீட்ல சத்தமே இல்லை. முகமே தெளிஞ்சு கிடக்குது. என்னதான் சொல்லிக்குடுக்கறாங்களோ."

இது படிப்பின் பக்கம் வலுவான சாட்சி. என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கல்லூரிக்குப் போனேன். நல்லசிவம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் உள்ளே விட்டார்கள். கூடையில் போன்கள் மீன் மாதிரி கிடந்தன. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்ல ஆசிரியர். குரல் தெளிவு, கையெழுத்துத் தெளிவு. ஏ.சி. குளிர். கடைசி வரிசையில், சுவரில் தலையைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அமிர்தலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார்.

அரைத்தூக்கம் இல்லை. வாய் சற்றுத் திறந்த தூக்கம்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவள் நான். கையில் சாக்பீஸ் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். இடைவேளையில் வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இது?"

"மொத நாள்ல இருந்துங்க டீச்சர்." தலையைக் குனிந்துகொண்டார். "மொத ஒரு மணி நேரம் முழிச்சிருப்பனுங்க. அப்புறம் தெரியறதில்லை."

"இங்கிலீஷ் புரியலையா?"

"அதெல்லாம் புரியுமுங்க, மெதுவாத்தான் பேசறாரு. இருவத்தோரு வருசமா நான் பகல்ல கண்ணை மூடுனதே இல்லீங்க. மூடினா யாராச்சும் கண்ணாடியைத் தட்டுவாங்க. இங்க குளுகுளுன்னு இருக்குது, போன் இல்லை, யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்லை. வாத்தியார்கூடக் கேக்கறதில்லை. நல்லாத் தூங்கறனுங்க."

டீ வாங்கிக் கொடுத்தார். மரத்தடியில் உட்கார்ந்தோம். கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க இங்க இருக்கற நாள்ல ஷெட்டு எப்படி ஓடுதுன்னு தெரியுமா?"

"தெரியாம இருக்குமுங்களா." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆறின பிறகும். "மொத தடவை திங்கக்கிழமை வந்து பாத்தேன், இருந்த ஆர்டர் எல்லாம் போயிருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சுங்க. ரெண்டாந் தடவையும் அப்படியே. பயமாயிருச்சு. அதுக்கப்புறந்தான் அந்தப் பலகை, கூட்டம் எல்லாம் அதிகமாக்குனேன். நானும் அங்க இருக்கறேன்னு தெரியோணுமில்லீங்களா."

பிறகு, "முதலாளிகிட்ட இதைச் சொல்லீறாதீங்க டீச்சர். நான் இல்லாம ஓடுதுன்னு தெரிஞ்சா எனக்கெதுக்குங்க புது யூனிட்டு" என்றார்.

மணி அடித்தது. உள்ளே போனார். போகும்போது முகம் கழுவிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். நித்யாவின் முறுக்கு இந்த வருடம் பதம் தவறவே இல்லை. அடுப்படிப் பக்கம் போக எனக்கு நேரம் கிடைக்காததால் அவளுக்கு உதவி செய்ய முடியவில்லை, பாவம்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்றோடு வகுப்புகள் முடிந்தன. அமிர்தலிங்கம் காலையிலேயே வந்துவிட்டார்.

"கடைசி மூணு நாளும் முழிச்சே இருந்தனுங்க டீச்சர். நீங்க வந்து பாத்துட்டுப் போனதுக்கப்புறம் தூக்கம் வரலை."

"என்ன நடத்துனாங்க?"

"ரிவிசன். மொத மாசத்துல இருந்து எல்லாத்தையும் சுருக்கமா சொன்னாரு. ஒண்ணு சொன்னாருங்க: தான் இல்லாமலும் வேலை நடக்கற மாதிரி ஆளுங்களைத் தயார் பண்ணறவன்தான் நல்ல மேனேஜர். எனக்குப் பக்குனு ஆயிருச்சு. எழுந்திரிச்சு, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களேன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"மொத நாளே சொன்னேன்னாரு. மொத பாடமே அதுதானாம்."

இருவரும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"முதலாளிகிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?"

"தப்பா மார்க் போட எனக்குத் தெரியாது அமிர்தலிங்கம். நீங்க இல்லாத நாள்லதான் நல்லா ஓடுதுங்கறதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா அதை உங்களுக்கு எதிரா எழுதணும்னு எந்தச் சட்டமும் இல்லை."

"அப்படிச் சொன்னா சர்வீஸ்தானுங்க."

"இருக்கலாம். சொல்லட்டுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "சொல்லுங்க. பொய்யைச் சொல்லி யூனிட்டை வாங்குனா, அங்கயும் இதே மாதிரி நின்னுட்டுத்தான் சோறு திங்கோணும்."

நவம்பர் 30, ஞாயிறு

என் வேலை இந்த வாரத்தோடு முடிகிறது என்று வீட்டில் சொன்னேன். "அதுக்குள்ளயா அத்தை?" என்றாள் நித்யா. என் வேலையில் இவ்வளவு அக்கறை பெற்ற பிள்ளைக்குக்கூட இல்லை.

டிசம்பர் 3, புதன்

நல்லசிவத்தின் அறை. மேஜையில் சென்னைப் பையனின் விண்ணப்பம் புகைப்படத்தோடு இருந்தது. நல்ல களையான முகம். ஆட்கள் இருந்தவரை நீங்க, வாங்க என்றே பேசினேன். கதவு சாத்தியதும் பழையபடி ஆனேன்.

"நல்லசிவம், உன் ஷெட்டு அமிர்தலிங்கம் வகுப்புக்குப் போற நாள்லதான் நல்லா ஓடுது. அவர் இருக்கற நாள்ல முன்னாடி எப்படியோ அப்படித்தான். மாசக் கணக்கு ஏறுனது அந்த மூணு நாளால."

கணக்குத் தப்பு என்று பலகையில் காட்டினால் ஒன்பதாம் வகுப்பிலும் இப்படித்தான் உதட்டைக் கடிப்பான்.

"அப்ப அவரு எதுக்குங்க டீச்சர்?"

"நீ பத்தாவது படிக்கறப்ப எனக்கு டைபாய்டு வந்து மூணு வாரம் லீவு போட்டேன், ஞாபகமிருக்கா? அந்த வருசம் உங்க செட்டுல கணக்குல ஒருத்தரும் ஃபெயில் இல்லை. அப்ப இந்த டீச்சர் எதுக்குன்னு ஹெட்மாஸ்டர் கேக்கலை."

"கேட்டிருக்கலாமுங்களே" என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் இல்லாதப்ப நீங்க போட்ட கணக்கு நான் இருந்தப்ப கத்துக்கிட்டது. ஆறுச்சாமிக்கு எந்தக் கல்லைப் போடறதுன்னு தெரியுது, ராசாமணிக்கு லாரியை எப்ப விடறதுன்னு தெரியுது. யாரு கத்துக்குடுத்தது? அமிர்தலிங்கம்தான். கத்துக்குடுத்து எப்பவோ முடிஞ்சிருச்சு. முடிஞ்சிருச்சுன்னு அவருக்குத்தான் யாரும் மணி அடிக்கலை. அதனால அதே வகுப்பையே திரும்பத் திரும்ப நடத்திட்டிருக்காரு."

நல்லசிவத்தின் போன் அடித்தது. பேக்கிங்குக்கு அகலமான டேப் வாங்குவதா, ஒடுங்கினது வாங்குவதா என்று யாரோ கேட்டார்கள். "அகலம்" என்றான். போனை வைத்ததும் தொடர்ந்தேன்.

"இந்த யூனிட்டுக்கு இப்ப மேனேஜரே வேண்டாம். ராசாமணி போதும். கிணத்துக்கடவுல எல்லாம் புது ஆளுங்க, ஒண்ணும் தெரியாது. அங்கதான் கத்துக்குடுக்கறவர் வேணும். உன்கிட்ட அப்படி ஒருத்தர் இருக்காரு. அவரை சர்வீஸ்ல உக்கார வெச்சு மன்னிப்புக் கேக்க வெக்கறதா இருந்தா அது உன் இஷ்டம்."

சென்னைப் பையனின் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "அப்ப அந்தப் படிப்பால பிரயோசனம் உண்டா இல்லீங்களா?" என்றான்.

"உண்டு."

"எந்தப் பாடம் அவருக்கு ரொம்ப உதவுச்சுன்னு தெரியுமுங்களா?"

"தனியா ஒரு பாடத்தைச் சொல்ல முடியாது. மொத்தமா அந்த வகுப்பறை அவருக்கு ரொம்ப ஒத்துக்கிச்சு."

இது முழுக்க உண்மை.

டிசம்பர் 8, திங்கள்

கிணத்துக்கடவு யூனிட் அமிர்தலிங்கத்துக்கு. போனில் சொன்னார். பிறகு பூங்கோதை வாங்கிப் பேசினார், பேச முடியாமல் மறுபடியும் அவரிடமே கொடுத்துவிட்டார். இங்கே ராசாமணி பொறுப்பு.

நல்லசிவம் இந்த விஷயத்திலிருந்து தன் வழியில் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டான். படிப்பு பிரமாதம் என்று முடிவு செய்து, பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் இரண்டு மேனேஜர்களையும் அடுத்த வகுப்புக்கு அனுப்புகிறான். அமிர்தலிங்கம் சான்றிதழ் வாங்கும் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான். கண்கள் அகலத் திறந்திருக்கிற படம். சென்னைப் பையனையும் விடவில்லை, சர்வீஸ் பிரிவுக்கு எடுத்துக்கொண்டான். திட்டுகிறவர்களிடம் நாசூக்காகப் பேசுகிறானாம்.

புது மேனேஜர்கள் இருவருக்கும் நானே மார்க் போட வேண்டும், இன்னும் ஆறு மாதம் வர வேண்டும் என்கிறான். வீட்டில் சொன்னேன். நித்யா பால் பாயசம் வைத்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடிந்து முதல் தடவையாகக் கிணத்துக்கடவு போனேன். காற்று ஷெட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு போகிறது. எல்லோரும் புதியவர்கள், யூனிஃபார்மில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அமிர்தலிங்கம் தனக்கென்று அறை கட்டிக்கொள்ளவில்லை. அசெம்பிளி வரிசையின் கோடியில் ஒரு மேஜை. மேஜைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. பழைய நோய் இங்கேயும் வந்துவிட்டதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

முன்னால் நின்ற பெண், பெயர் கௌசிகா, மோட்டார் சூடாகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். அவருக்கு விடை தெரியும். வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டார்.

"நான் இன்னைக்கு வரலைன்னா நீ என்னம்மா பண்ணியிருப்ப?"

"வீட்டுக்குப் போயிருப்பனுங்க சார்."

வரிசையில் சிரிப்பு. அவரும் சிரித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கே சொல்லிவிடலாம் போல நாக்கு நமநமத்தது. அந்தப் பெண் காலை மாற்றி நின்றாள், மோட்டார் பக்கம் பார்த்தாள்.

"பெல்ட்டு இறுக்கமா இருக்கற மாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் தளர்த்திப் பாத்திருப்பனுங்க."

"போய்ப் பாரு."

போனாள். அடுத்த ஆள் வந்தான். அவனிடமும் அதே கேள்வி. மதியத்துக்குள் வரிசையில் பாதிப் பேர் மேஜை வரை வராமலேயே திரும்பிப் போய்விட்டார்கள், எப்படியும் அதைத்தான் கேட்கப் போகிறார் என்று. அமிர்தலிங்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"கஷ்டமா இருக்குதுங்க டீச்சர்" என்றார். "விடை தெரிஞ்சு சும்மா இருக்கறது இருக்குதே."

"முப்பத்து நாலு வருசம் எனக்கும் அதுதான் கஷ்டம்."

"எப்படிப் பழகுனீங்க?"

பேச்சை மாற்றி, மோர் இருக்கிறதா என்று கேட்டேன்.

இந்தக் குறிப்புகளை யாராவது படித்தால், பலகையும் பலவீனப் பட்டியலும் வேண்டாம், ஒன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். நாளைக்கு உங்களிடம் யாராவது வந்து "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், நான் இன்று வராமல் இருந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று திருப்பிக் கேளுங்கள், அவர் யோசித்துப் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.